ஓர் அட்டைப்பூச்சி குறைகிறது

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் நான் எழுந்து வாசல் பக்கம் நகர்ந்துவிடுகிறேன். பேருந்திலிருந்து இறங்கும்போது காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தபோது ஒட்டிக்கொண்ட வியாதி இது. கால் சரியாகிவிட்டது. இது சரியாகவில்லை.

என் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, கம்பியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு தச்சர் இருந்தார். கதவு ஜன்னல் செய்கிறவர். மரம் அறுக்கும் இயந்திரத்தில் வலது கட்டைவிரலைப் பறிகொடுத்தவர். அவர் மனைவி கெட்டிக்காரி. அலறிக்கொண்டு நிற்காமல், விழுந்த விரலைத் துணியில் சுற்றி, பைக்குள் போட்டு, ஐஸ் மேல் வைத்துக் கையோடு கொண்டுவந்துவிட்டார். அதைத் திரும்பத் தைத்து, மற்ற நான்கு விரல்களையும் மடக்கிக் கட்டி, கட்டைவிரலை மட்டும் வெளியே நீட்டி, கையைத் தூக்கி ஒரு ஸ்டாண்டில் கட்டிவைத்திருந்தார்கள்.

வார்டுக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது உயர்த்திய அந்தக் கட்டைவிரல்தான். பார்த்தவர்களெல்லாம் பதிலுக்குத் தங்கள் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனார்கள். சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர், "நல்லா இருந்துச்சா? சந்தோஷம்" என்று மனம் குளிர்ந்து சொன்னார். அன்றைய சாப்பாடு அப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தச்சர் ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

தைத்த மறுநாள் விரல் நீலம் பாய்ந்தது. விரலைத் தைத்த கை அறுவை டாக்டர் வந்து பார்த்தார். இளம் வயது. தூக்கம் போதாத கண்கள்.

"ரத்தம் உள்ள போற குழாய் நல்லா ஓடுது. வெளிய வர்ற குழாய்தான் இன்னும் வழி விடல. உள்ள போனது திரும்பி வர முடியாம தேங்கி நிக்குது. புதுக் குழாய் தானா வளர்ற வரைக்கும் தேங்கின ரத்தத்தை யாராவது எடுத்துவிட்டுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

"யாருங்க எடுப்பாங்க?" என்றார் தச்சர்.

"அட்டைப்பூச்சி."

தச்சர் மனைவி முகம் சுளித்தார். "குளத்துல மாட்டுக் கால்ல ஏறுமே, அதா?"

"அதோட ஜாதிதான். ஆனா இது ஆஸ்பத்திரிக்குன்னே சுத்தமா வளர்த்தது. ஒருத்தருக்கு வெச்சதை இன்னொருத்தருக்கு வைக்க மாட்டோம். அது வயித்துல இருக்கிற கிருமி உங்களுக்கு வராம இருக்க முன்கூட்டியே மருந்து ஏத்திடுவோம். பயப்பட வேணாம்."

அந்தப் பொறுப்பு வார்டு சிஸ்டருடையது. அவர் விரலைச் சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் துடைத்தார். வாசனை அட்டைக்கு ஆகாதாம். அது வேறெங்கும் நடந்து போய்விடாமல் இருக்க, விரலைச் சுற்றி ஈரத் துணியால் வேலி கட்டினார். ஜாடியிலிருந்து ஒன்றை இடுக்கியால் எடுத்து விரல் நுனியில் விட்டார். அது கொஞ்சம் யோசித்தது. பிறகு கடித்துக்கொண்டு வேலையில் இறங்கியது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் குடித்துவிட்டு, உருண்டு திரண்டு, தானாகக் கீழே விழுந்தது. விரல் இளஞ்சிவப்பாகியிருந்தது.

தச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வந்தா ஒட்டிக்குது. வயிறு முட்டக் குடிக்குது. குடிச்சு முடிச்சதும் ஒரு வார்த்தை சொல்லாம உருண்டு படுத்துக்குது. உன் தம்பி மாதிரியே இருக்கு" என்றார் மனைவியிடம்.

"கை கட்டிக் கிடக்கும்போதும் வாய் கட்டல உங்களுக்கு" என்றார் மனைவி.

அன்றிலிருந்து வார்டில் அட்டைக்கு மச்சான் என்று பெயராயிற்று. "சிஸ்டர், மச்சான் வர நேரமாச்சு" என்று தச்சரே நினைவுபடுத்துவார். விரல் சிவந்தால் அவர் முகம் மலரும். உளியைப் பிடிப்பது கட்டைவிரல்தான், மற்ற நாலும் அதற்குத் துணைக்கு வந்தவை என்று எனக்கு விளக்கினார். அந்த விரல் போனால் தச்சரும் போனார். அவருக்கு வேறு தொழில் தெரியாது, வேறு தொழிலில் ஆசையும் இல்லை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாம் ஒழுங்காகப் போவது மேலிடத்துக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே யாரோ சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உயிருள்ள பூச்சியை நோயாளி மேல் விடுகிறார்கள், அதற்கு ஒரு குழுகூட இல்லை என்ற செய்தி மேலே போய்ச் சேர்ந்தது. உடனே அட்டைப் பாதுகாப்புக் குழு அமைக்கப்பட்டது.

குழுவின் தலைவர் அதற்கு முன் லிஃப்ட் பாதுகாப்புக் குழுவின் தலைவராக இருந்தவர். அவர் பொறுப்பில் இருந்தவரை லிஃப்டில் ஒரு விபத்தும் நடக்கவில்லை. பொறுப்பேற்ற அன்றே லிஃப்டை நிறுத்திவிட்டார். என்னை மூன்றாம் மாடிக்கு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறியது அதனால்தான்.

குழு ஒருநாள் காலையில் வந்தது. தலைவருக்கு முன்னால் அவருடைய செண்ட் வாசனை வந்தது. பின்னால் செயலாளர், அவருக்குப் பின்னால் தலையாட்டுவதற்கென்று உறுப்பினர்கள். வாசலில் நின்றதுமே தலைவரின் கண்ணில் தச்சரின் கட்டைவிரல் பட்டது. முகம் மலர்ந்தது.

"நன்றி, நன்றி. நாங்க இன்னும் ஒன்னுமே செய்யலயே" என்றார்.

பிறகு வார்டின் நடுவில் நின்று பேசினார்.

"இந்த மருத்துவமனையில பாதுகாப்புக்குத்தான் முதலிடம். சிகிச்சையெல்லாம் அதுக்கு அப்புறம். நோயாளி இன்னைக்கு வருவாரு, நாளைக்குப் போவாரு. ஏதோ ஒரு விதத்துல போயிடுவாரு. ஆனா விதி நிலைச்சு நிக்கும். எங்க குழு பொறுப்பேத்துக்கிட்ட இந்த நிமிஷத்திலிருந்து இங்க ஒரு அட்டைக்குக்கூட எந்த ஆபத்தும் வராதுன்னு உறுதி சொல்றேன்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். சிஸ்டர் அப்போதுதான் தச்சரின் விரலில் ஓர் அட்டையை விட்டிருந்தார். அது இன்னும் கடிக்கவில்லை. தலைவர் கட்டிலருகே வந்து குனிந்தார்.

"ஒன்னும் தெரியலயே. இந்தத் துணி எதுக்கு?"

"அது நடந்து போயிடாம இருக்க சார்" என்றார் சிஸ்டர். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. செண்ட் வாசனை வந்தா அது கடிக்காது."

"சிஸ்டர், கண்ணால பார்க்காததுக்கு நான் எப்படிச் சான்று கொடுக்கிறது? துணியை எடுங்க."

சிஸ்டர் எடுக்கவில்லை. செயலாளர் எடுத்தார். தலைவர் மூக்கு விரலில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அதிலிருந்து இன்னும் கொஞ்சம் வாசனை கிளம்பியது. "நல்ல ஏற்பாடு. திருப்தி" என்று சொல்லிவிட்டு அட்டையின் ஆரோக்கியம், அட்டையின் கண்ணியம் பற்றி உறுப்பினர்களுக்கு விளக்கத் தொடங்கினார்.

"சார், அட்டை எங்க?" என்றார் சிஸ்டர்.

விரல் வெறுமையாக இருந்தது.

"நான் பார்த்தப்போ பாதுகாப்பாத்தான் இருந்துச்சு" என்றார் தலைவர்.

தச்சர் மனைவி போர்வையை உதறினார். சிஸ்டர் தலையணையைப் புரட்டினார். அட்டை இல்லை. "போனா போகட்டும் சிஸ்டர், வேற மச்சானை எடுங்க, விரல் கனக்குது" என்றார் தச்சர். சிஸ்டர் ஜாடியை எடுக்கப் போனார். அதற்குள் செயலாளர் ஜாடியைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஓர் அட்டைப்பூச்சி குறைகிறது" என்று அறிவித்தார். அதுவரை வாய்ப் பேச்சாக இருந்தது அச்சடித்த மொழியாக மாறிவிட்டது. அபாயம் வந்துவிட்டது என்பதற்கு எங்கள் அலுவலகத்திலும் அதுதான் அடையாளம். "எண்ணிக்கை சரியாகும்வரை அடுத்த அட்டையை வெளியே எடுக்கக் கூடாது. வார்டிலிருந்து யாரும் வெளியேறக் கூடாது. யாரும் உள்ளே வரவும் கூடாது."

"அப்படி ஒரு விதி எங்க இருக்கு?" என்றார் சிஸ்டர்.

"நேத்துதான் போட்டோம்" என்றார் தலைவர் பெருமையாக.

கதவைப் பூட்டச் சொன்னார்கள். காவலாளி வந்து பூட்டிப் பார்த்தார். தாழ்ப்பாள் அதன் துளையைத் தொடவே இல்லை. கதவு தொங்கிப் போயிருந்தது. தச்சர் அந்த வலியிலும் கட்டிலிலிருந்தே பார்த்துவிட்டு, "மேல் கீல் தளர்ந்திருக்குங்க. ரெண்டு ஸ்க்ரூவை முடுக்கினா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க நோயாளி" என்று தலைவர் அவருக்கு நினைவூட்டினார்.

உறுப்பினர்கள் கூடிப் பேசினார்கள். கதவு பூட்டப்பட்டதாகவே கருதப்பட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. காற்று அடித்தபோதெல்லாம் கதவு தானாகத் திறந்தது. காவலாளி எழுந்து போய் மூடினார். பிறகு அவரும் அலுத்துப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். விரியத் திறந்த கதவைப் பார்த்தபடி நாங்கள் அத்தனை பேரும் அடைபட்டுக் கிடந்தோம்.

எழுந்து போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். என் கால் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. தச்சரின் கால்கள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அவருக்கு வேண்டிய ஜாடி உள்ளே இருந்தது. தெருவில் போய் நின்றுகொண்டு அட்டைக்கு எங்கே போவார்? அவர் மனைவி ஒரே ஒரு தடவை வாசல்வரை போய், வராந்தாவை எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "இவங்க பூட்டாமலே பூட்டிட்டாங்க" என்றார்.

தேடுதல் தொடங்கியது. தலையணை உறைகளை உருவினார்கள். தண்ணீர்க் கூஜாவுக்குள் டார்ச் அடித்தார்கள். மூலைக் கட்டில் தாத்தாவின் பல்செட்டைக் கழற்றி எண்ணினார்கள். செயலாளர் என் மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள ஏதாவது ஊர்ற மாதிரி இருக்கா?"

"கட்டுப் போட்ட நாளிலிருந்து இருக்குங்க. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்குமாம்."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கொஞ்சம் யோசித்து, கட்டை உடைப்பதைப் பிற்பகலுக்கு ஒத்திவைத்தார்.

இதற்குள் தச்சரின் விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் விரலைப் பார்ப்பார், அலமாரியைப் பார்ப்பார், மறுபடி விரலைப் பார்ப்பார். கண்ணாடிக்குள் அட்டைகள் பசியோடு நெளிவது கட்டிலிலிருந்தே தெரிந்தது. இரண்டு பக்கமும் தேவை இருந்தது. நடுவில் ஒரு சாவி இருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், முடிந்திருந்தால் கம்பியோடு எழுந்து போய் அந்தச் சட்டைப் பையைக் கிழித்திருப்பேன்.

யாரோ சொல்லிக் கை டாக்டர் ஓடிவந்தார். வாசற்படியில் காவலாளி தடுத்துவிட்டார்.

"டாக்டர், அந்த வாசற்படியைத் தாண்டாதீங்க" என்றார் தலைவர். "கதவு பூட்டியிருக்கு."

டாக்டர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். பிறகு தலைவரைப் பார்த்தார். "சார், அந்த விரல் செத்துக்கிட்டிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் போனா நான் ஒன்னும் பண்ண முடியாது."

"உங்க கவலை புரியுது. ஆனா விரல் எங்க குழுவோட வரம்புல வராது. அதுக்குத் தனிக் குழு."

"அது எப்போ கூடும்?"

"இன்னும் அமைக்கல."

டாக்டர் தலைவரை விட்டுவிட்டு வாசலில் நின்றபடியே சிஸ்டருக்குக் கத்தினார். ஊசியால் விரல் நுனியைக் குத்தி, ரத்தம் உறையாத மருந்தைத் தடவித் தடவி, கையாலேயே கசியவிடச் சொன்னார். சிஸ்டர் பஞ்சை வைத்துக்கொண்டு குனிந்தவர்தான், நிமிரவே இல்லை. கறுத்த ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்தது. அட்டை செய்கிற வேலையில் பாதிக்குக்கூட அது காணாது என்று அவருக்கும் தெரியும்.

"அந்த ஊசி எண்ணிக்கையில இருக்கா?" என்று கேட்டார் செயலாளர். சிஸ்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மதியம் கழிந்தது. தேடுவதற்கு இடம் தீர்ந்துபோனது. சும்மா இருப்பது அவருடைய இயல்பில் இல்லாததால், தலைவர் தச்சரின் கட்டிலுக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, அடைபட்டவர்களுக்குப் பாதுகாப்பு விழிப்புணர்வு உரை நிகழ்த்த ஆரம்பித்தார்.

"அட்டை ஓடிப் போகுதுன்னா அதுக்கு யாரு காரணம்? நோயாளிதான். சூழல் பிடிக்கலன்னாதான் எந்த உயிரும் ஓடும். நான் பொறுப்புல இருந்த லிஃப்ட் எங்கயாவது ஓடிச்சா? நின்ன இடத்துல நின்னுச்சு..."

விரலையும் அலமாரியையும் பார்க்கத் தச்சருக்கு இனி மனம் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலையை நிமிர்த்தினார்.

"சார், உங்க கால்ல."

தலைவரின் கால்சட்டை கொஞ்சம் ஏறியிருந்தது. காலுறைக்கு மேலே, கணுக்காலில், கட்டைவிரல் தடிமனில் மச்சான் தொங்கிக்கொண்டிருந்தார். காலையில் குனிந்த தலைவரின் காலில் விழுந்து, வாசனை எட்டாத இடமாகப் பார்த்து மேலே ஏறியிருக்க வேண்டும். சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் முன்புதான் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

தலைவர் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு வலிக்கல" என்றார்.

"அது கடிச்சா வலிக்காது சார். அதோட எச்சில் மரத்துப் போக வெச்சிடும்" என்றார் சிஸ்டர்.

"எனக்கு யாரும் அட்டை எழுதிக் கொடுக்கல. டாக்டர் எழுதிக் கொடுக்காத அட்டை என் கால்ல இருக்க வழியே இல்ல."

செயலாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். அது ரகசியமாகச் சொன்னதுதான், ஆனால் அலுவலகக் குரல் என்பதால் வார்டு முழுக்கக் கேட்டது. அட்டை தலைவரின் காலில் இருந்தால் தலைவரே சம்பவத்துக்கு உட்பட்டவர் ஆவார். சம்பவத்துக்கு உட்பட்டவர் குழுவுக்குத் தலைமை வகிக்க முடியாது. தலைவர் இல்லாத குழு எண்ணிக்கையை ஏற்க முடியாது. புதுத் தலைவர் வர ஒரு மாதம் ஆகலாம். அதுவரை வார்டு பூட்டித்தான் இருக்கும்.

உறுப்பினர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். தலைவர் காலில் அட்டை எதுவும் இல்லை என்பது ஏகமனதாக முடிவாயிற்று. தலைவர் உரையைத் தொடர்ந்தார். காலுறையில் ரத்தம் மெல்ல இறங்கியது.

தச்சர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "நான் பிடுங்கித் தர்றேன், எண்ணிக்கோங்க" என்று பாய்ந்தார். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிடுங்கக் கூடாதும்மா. அதோட பல்லு உள்ள மாட்டிக்கும். புண்ணு சீழ் பிடிச்சிடும். தானா விழட்டும்."

அன்று முழுக்க அந்த வார்டில் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே பாதுகாப்பு விதி அதுதான். அதன் பலன் தலைவருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே எல்லோரும் காத்திருந்தோம். விதியோ விரலோ எதுவும் தெரியாத ஒரு பூச்சி சாப்பிட்டு முடிப்பதற்காக ஒரு வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "போதும் மச்சான், இறங்கு" என்று தச்சர் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. அவர் கண்ணில் தண்ணீர். தலைவர் காலில் குடிக்கிற ஒவ்வொரு வாயும் தன் விரலில் குடித்திருக்க வேண்டியது என்று அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கு அப்படித்தான் தோன்றியது.

கடைசியில் அது பொத்தென்று தரையில் விழுந்தது. சிஸ்டர் இடுக்கியால் எடுத்து ஸ்பிரிட் குப்பியில் போட்டு மூடினார். கையை நீட்டினார்.

"எண்ணிக்கை சரியாயிடுச்சு. சாவி."

"எங்கே கிடைச்சதுன்னு சொல்லணுமே" என்றார் செயலாளர்.

தலைவர் எழுந்து, காலைக் கொஞ்சம் இழுத்து நடந்து, தச்சரின் தலைமாட்டுக்கு வந்தார். அன்று முதல் தடவையாக அவர் குரல் தணிந்திருந்தது.

"தம்பி, உங்களுக்கு விரல் முக்கியமா, உண்மை முக்கியமா?"

"அதை நீங்க கேக்கறீங்களா?" என்றார் மனைவி.

"விரல்தான் சார்" என்றார் தச்சர்.

"ஏங்க, நீங்க எதுக்கு..."

"நீ சும்மா இரும்மா. உண்மையைக் கையில வெச்சுக்கிட்டு உளி பிடிக்க முடியாது."

செயலாளர் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். சொல்ல வேண்டியதை ஓர் உறுப்பினர் சொல்லிக்கொடுத்தார். தச்சர் திருப்பிச் சொன்னார்: "பாதுகாப்பு விதிகளைப் பற்றிய அறியாமையால் அட்டையை நான் என் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். குழுவின் விடாமுயற்சியால் அது கண்டெடுக்கப்பட்டது."

தலைவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னொரு தடவை. கொஞ்சம் வருத்தமா சொல்லுங்க. ஆனா மருத்துவமனை மேல வருத்தம்னு தெரியக் கூடாது."

இரண்டாவது தடவை சொன்னார். வெளிச்சம் போதவில்லை என்றார்கள். மூன்றாவது தடவை கையும் படத்தில் விழும்படி எடுத்தார்கள். பின்னணியில் உயர்த்திய கட்டைவிரல் நன்றாக அமைந்துவிட்டது என்று செயலாளர் மகிழ்ந்தார். அது கறுத்திருந்தது பரவாயில்லையாம், நிறத்தை மாற்றிக்கொள்ளலாமாம். தச்சர் மனைவி அவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

என்னையும் சாட்சி கேட்டார்கள். கேட்டார்கள் என்பது சம்பிரதாயம். கால் மேலே தொங்கியவன் கீழே நடந்தது எதையும் பார்த்திருக்க முடியாது என்று என் பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

சாவி வந்தது. கை டாக்டர் வாசற்படியைத் தாண்டி ஓடிவந்தார். புது மச்சான் விரலில் ஏறிக் கடித்தபோது தச்சர் குழந்தை மாதிரி அழுதார். மனைவி அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாயங்காலத்துக்குள் விரலின் அடிப்பகுதி சிவந்தது. நுனி மட்டும் கடைசிவரை சிவக்கவில்லை.

தலைவரின் கணுக்காலில் ரத்தம் நிற்கவில்லை. அட்டை கடித்த இடம் அப்படித்தான், நாள் கணக்கில் கசியும். சிஸ்டர் கட்டுப் போடப் போனார். அட்டைக் கடி என்று சொல்ல முடியாதல்லவா? ஷூ கடித்தது என்று தலைவர் சொன்னார். ஷூ இவ்வளவு மோசமாகக் கடிக்கிறதா என்று மேலிடம் அதிர்ந்தது. மறுவாரமே காலணிப் பாதுகாப்புக் குழு ஒன்று அமைந்தது. அதற்கும் அனுபவஸ்தர் என்ற முறையில் அவரே தலைவரானார். அன்று முதல் அந்த ஆஸ்பத்திரிக்குள் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும்.

சில மாதம் கழித்து நான் காலைக் காட்டப் போனேன். வெறுங்காலோடு, நொண்டிக்கொண்டு. புறநோயாளிகள் கூடத்தில் தச்சரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தச்சர் சிரித்தார்.

"விரல் எப்படி இருக்கு?" என்றேன்.

"உசுரோட இருக்கு" என்றார். "நுனி போச்சு. மிச்சம் இருக்கறது மடங்கல. அன்னைக்கு ஒரு நாள் ரத்தம் தேங்கினதுல உள்ள எல்லாம் ஒட்டிக்கிச்சாம். டாக்டர் நல்லவரு, இன்னொரு தடவை திறந்து பார்க்கறேங்கறாரு. ஆனா நம்பிக்கை சொல்லல."

"வேலை?"

"உளி பிடிபடல. பட்டறையில மத்தவங்க செய்யறதைப் பார்த்து, கோணல்னா கோணல்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கேன். அதுக்கு யாரு கூலி கொடுப்பா? மச்சான்தான் சோறு போடறாரு. நிஜ மச்சான்."

மனைவி அவர் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

எதிரே சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. காத்திருக்கிறவர்களுக்கான பாதுகாப்புப் படம். தச்சரின் முகம் வந்தது. "அட்டையை நான் என் படுக்கைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்" என்றது. பின்னால் கட்டைவிரல் ரோஜா நிறத்தில் உயர்ந்து நின்றது. கூடத்தில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பிறகு மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் தன் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

தச்சர் வலது கையைத் தொடைமேல் வைத்து, ஐந்து விரல்களையும் விறைப்பாக விரித்து வைத்திருந்தார். அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

"கை வலிக்குதா? ஏன் இப்படி விரிச்சு வெச்சிருக்கீங்க?"

"விரிச்சே வெச்சிருந்தா வெறும் கை. மத்த நாலும் மடங்கிச்சுன்னா இது மட்டும் நிமிர்ந்து நிக்குது. பார்க்கறவங்க நான் ஏதோ சபாஷ் சொல்றதா நினைச்சுக்கறாங்க. இங்க வந்தா விரிச்சே வெச்சுக்குவேன்."

அந்த நேரம் பார்த்துத் தலைவர் வெறுங்காலோடு கூடத்துக்குள் வந்தார். பின்னால் புது உறுப்பினர்கள். வெளியூர் விருந்தாளிகள் சிலருக்கு ஆஸ்பத்திரியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். தச்சர் விரல்களை இன்னும் அழுத்தமாக விரித்தார். மனைவி தன் கையால் அவற்றை மூடப் போனார். அதற்குள் களைத்துப்போன நான்கு விரல்களும் ஒவ்வொன்றாக உள்ளே மடங்கின.

தலைவர் நின்றார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா? நாங்க கேக்கவே இல்ல" என்று விருந்தாளிகளிடம் சொல்லிவிட்டு, நன்றாக மடங்கி நிமிர்கிற தன் கட்டைவிரலைப் பதிலுக்கு உயர்த்திக் காட்டினார்.